வெளிக்கிட்ட பூநாரை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. காற்று கடலைப் பார்த்து அடிக்கிறது, சொல்லுகிற கதையில் பாதியை அள்ளிக்கொண்டு போய்விடும், பிறகு மீனுக்குத்தான் கதை தெரியும், உங்களுக்குத் தெரியாது.

சங்குமுனைப் பட்டணத்தில் ஒரு வருஷம் தெருமுனைக்குத் தெருமுனை பறவை வைத்தார்கள். ஊருக்கு வருகிற வெளியாட்கள் உப்பளத்தைப் பார்த்துக் கண் கூசி, மீன் வாடைக்கு மூக்கைப் பொத்தி, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போகிறார்களாம், அதனால் ஊரை அழகாக்க வேண்டும் என்று ஒரு கமிட்டி கூடி, கூடி, டீ குடித்து, கடைசியில் பறவை என்று முடிவு செய்தது. லாரியில் வந்து இறங்கினவை எல்லாம் ஆள் உயரத்துக்கும் மேலே, பைபரில் வார்த்த வெள்ளைப் பறவைகள், கண்கூட வரையாத வெறும் வெள்ளை. அந்தந்தத் தெருக்காரர்களே அவரவர் பறவைக்கு வர்ணம் அடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆட்டோ ஸ்டாண்டுக்குக் கூழைக்கடா போயிற்று, மீன் மார்க்கெட்டுப் பெண்களுக்கு ஆலா போயிற்று, வியாபாரிகள் சங்கத்துக்குக் கடற்காகம் போயிற்று. ஒற்றைக்காலில் நின்ற பூநாரை மட்டும் மிஞ்சியது. அது நிற்க வேண்டிய இடம் பழைய கலங்கரை விளக்குச் சாலையின் முனை, அங்கே ஒரு குப்பைத் தொட்டியும் கொம்பையாவின் டீக்கடையும் தவிர ஒன்றும் கிடையாது, எந்தச் சங்கமும் கை தூக்கவில்லை. சரி, முகாம்காரர்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கொடுத்துவிட்டார்கள்.

முகாம் என்றால் அக்கரையிலிருந்து, சண்டைக் காலத்தில் வள்ளம் ஏறி வந்தவர்களின் முகாம். அங்கே மதலேன் என்று ஒருத்தி இருந்தாள். மன்னாரிலிருந்து வரும்போது கருகருவென்று முடி, இப்போது தலை உப்பளம் மாதிரி. வந்த நாளிலிருந்து அவளுக்குச் சுவருக்கு வர்ணம் அடிக்கிற வேலைதான். சங்குமுனையில் அவள் கை படாத சுவர் குறைவு, ஆனால் அவளுக்கென்று சொல்லிக்கொள்ள ஒரு சுவர் கிடையாது. இடுப்பில் எப்போதும் பட்டித் தகடு ஒன்று செருகியிருப்பாள், பழைய வர்ணத்தைச் சுரண்டுகிற தகடு. எந்தச் சுவரையும் முதலில் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

அவள்தான் பூநாரைக்கு வர்ணம் அடித்தாள். எப்படி அடித்தாள் என்றால், பாய் பின்னுகிற மாதிரி அடித்தாள். அவள் ஊரில் பனையோலையைச் சாயத்தில் முக்கிக் கட்டம் கட்டமாய்ப் பாய் முடைவார்கள், சிவப்பு, பச்சை, ஊதா, மறுபடி சிவப்பு. அந்தக் கட்டமெல்லாம் பூநாரையின் கழுத்தில் ஏறி, முதுகின் வலது பாதியில் இறங்கி, வலது சிறகு முழுக்கப் பரவி, காலில் வந்து நின்றது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சாய்ந்த கோடு, எல்லாம் வலது பக்கம் சாய்ந்த கோடு. முதுகின் இடது பாதியையும் இடது சிறகையும் தொடவில்லை. அந்தப் பக்கம் வந்தபடிக்கே வெள்ளையாய் நின்றது.

டீ ஆற்றிக்கொண்டே கொம்பையா கேட்டான்: "எக்கா, பெயிண்டு தீந்து போச்சா? நம்ம கடைக்கு அடிச்ச நீலம் ஒரு அரை டப்பா கெடக்கு, தரட்டுமா?"

"வேண்டாம் தம்பி. அந்தப் பக்கம் அக்காட வேலை."

"எந்த அக்கா?"

"பிரகாசி அக்கா."

கொம்பையா மறுபடி டீயை ஆற்றத் தொடங்கினான். மதலேனுக்கு முகாமில் யாரும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

பிரகாசி மூத்தவள், இடக்கைக்காரி. அக்காளும் தங்கையும் ஒரே பாயின் இரண்டு பக்கம் உட்கார்ந்து முடைந்து நடுவில் சந்திப்பார்கள். மதலேனின் கோடு வலது பக்கம் சாயும், பிரகாசியின் கோடு இடது பக்கம் சாயும். பாய் வாங்குகிறவர்கள், என்ன பிள்ளை இது, பாயில் இரண்டு காற்று அடிக்கிறதே என்று சிரிப்பார்கள். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. பாதிப் பாயில் எழும்ப வேண்டி வந்தால், ஒரு ஓலையை மடிக்காமல் நீட்டி விட்டுத்தான் எழும்ப வேண்டும். அதற்குக் கூப்பிடு ஓலை என்று பெயர். எழும்பிப் போனவள் திரும்பி வந்து மடிக்கிறவரைக்கும் அது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். வள்ளம் வந்துவிட்டது என்று குரல் கேட்ட அன்றைக்கும் மதலேன் தன் பக்கத்து ஓலையை நீட்டி விட்டுத்தான் எழும்பினாள். அக்கா வரவில்லை, நடக்க முடியாத அப்பாவோடு தங்கிவிட்டாள், நீ முந்தி ஏறு என்று முதுகைத் தள்ளினாள். வள்ளக்காரன் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தான், சத்தம் கேட்டால் சுடுவார்கள். அதனால் போட்டு வாறன், அதாவது போயிட்டு வாறேன், என்கிற அந்த ஒரு வார்த்தையை மதலேன் சொல்லவில்லை. சாதாரணமாய்க் கடைக்குப் போகிறவள்கூடச் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தை. அது தொண்டையிலேயே நின்றுவிட்டது, இத்தனை வருஷமும் சோறும் தண்ணீரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் இறங்கின. அக்கா இருக்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை. கேட்காத ஆளில்லை, போகாத ஆபீசில்லை.

பூநாரைக்குக் கண்ணை வரைந்து முடித்த சாயங்காலம், மதலேன் தூரிகையைத் துடைத்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவள் மாதிரி அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "சரி, வெளிக்கிடு" என்றாள்.

அவள் ஊரில் வெளிக்கிடு என்றால் புறப்படு என்று அர்த்தம். சங்குமுனையில் வெளிக்கி என்றால் காலையில் சொம்பைத் தூக்கிக்கொண்டு போகிற காரியம். கொம்பையாவுக்கு டீ புரையேறிவிட்டது.

"எக்கா! நடுரோட்டுல வச்சா? பறவைதான், ஆனாலும் ஒரு மறைவு வேண்டாமா?"

அவன் சிரித்து முடிக்கவில்லை, பூநாரை மடக்கியிருந்த காலை நீட்டிப் பீடத்தை விட்டு இறங்கியது. குப்பைத் தொட்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தது. டவுன் பஸ் ஒன்று வந்தது, அது போகிற வரைக்கும் ஓரத்தில் நின்றது, பிறகு சாலையைக் கடந்து, தடுப்புச் சுவரில் ஏறி, கழுத்தை நீட்டி, கிழக்கே பார்த்துப் பறந்து போயிற்று. "போட்டு வா" என்று மதலேன் பின்னாலேயே கூவினாள். கொம்பையா டம்ளரைக் கழுவினான். பஸ்ஸில் இருந்த ஒருவர், பறக்கிறது சரி, விளக்குப் போட்டுக்கொண்டு பறக்கக் கூடாதா, இருட்டப் போகிறதே என்று குறைப்பட்டுக்கொண்டார்.

விடிந்து பார்த்தால் பூநாரை பீடத்தில் ஒற்றைக்காலில் நிற்கிறது, காலெல்லாம் சேறு காய்ந்திருக்கிறது, வெள்ளைச் சிறகின் ஓரத்தில் ஒரே ஒரு கட்டம், பச்சை. சங்குமுனைக் கடைகளில் கிடைக்காத பச்சை, ஓலைக்குப் போடுகிற சாயத்தின் பச்சை. அதற்குள் ஒரு கோடு, இடது பக்கம் சாய்ந்த கோடு.

மதலேன் அந்தக் கட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெயில் ஏறுகிற வரைக்கும் நின்றாள். கொம்பையா டீயைக் கொண்டுவந்து பீடத்தின் மேல் வைத்துவிட்டுப் போனான். ஆறியதும் வேறொரு டீ கொண்டுவந்து வைத்தான்.

அதற்குப் பிறகு மற்றத் தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா? எங்கள் பறவை மட்டும் ஏன் மண்ணு மாதிரி நிற்க வேண்டும் என்று ஆளாளுக்குக் கிளம்பு என்றார்கள், பற என்றார்கள், ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துப் பார்த்தார்கள், ஒன்றும் அசையவில்லை. கடைசியில் மீன் மார்க்கெட்டு மிக்கேலம்மாதான், வாய்க்கு வாய் பச்சை பச்சையாய்ப் பேசுகிற மிக்கேலம்மா, தங்கள் ஆலாவுக்கு முன்னால் நின்று, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, வெட்கப்பட்டு வெட்கப்பட்டு, "வெளிக்கிடு" என்றாள். ஆலா போயிற்று.

அப்புறம் ஊரே அந்த வார்த்தையைப் பழகிக்கொண்டது. முதல் வாரம் சிரித்தார்கள், இரண்டாவது வாரம் சிரிப்பை அடக்கினார்கள், அதன் பிறகு அந்த வார்த்தைக்குப் பழைய அர்த்தம் இருந்ததையே மறந்துவிட்டார்கள். பஸ் கண்டக்டர்கள் விசிலுக்குப் பதில் வெளிக்கிடு என்றார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வெளிக்கிட்டாச்சா என்று கேட்டார்கள். சாயங்காலமானால் தெருமுனை தோறும் இந்த ஒரே வார்த்தை, பள்ளிவாசல் பக்கம், மாதா கோயில் பக்கம், முத்தாரம்மன் கோயில் பக்கம், எல்லாப் பக்கமும் வெளிக்கிடு, வெளிக்கிடு, போயிட்டு வா, போயிட்டு வா, தலைக்கு மேலே வர்ணம் வர்ணமாய்ப் பறவைகள்.

எந்தப் பறவை எங்கே போகும் என்பது வர்ணம் அடித்தவர்களின் மனசைப் பொறுத்தது. ஆட்டோக்காரர்களின் கூழைக்கடா தெருத்தெருவாய் மேலே பறந்து பார்த்துவிட்டு, சவாரியில் தவறவிட்ட சாமான்களை அலகுப் பையில் நிரப்பிக்கொண்டு வரும், பெரும்பாலும் ஒற்றைச் செருப்பு. ஆலா எங்கே மீன் கூடியிருக்கிறது என்று பார்த்துவந்து அந்தத் திசைக்கு அலகைக் காட்டி நிற்கும். வியாபாரிகள் சங்கத்துக் கடற்காகம் எங்கேயும் போகாது, பஜாரையே சுற்றிச் சுற்றி வந்து கடைப்படிகளில் எச்சமிடும். ஒருநாள் சங்கத்து வாட்ச்மேன் துடைத்துத் துடைத்துச் சலித்துப்போய், "வெளிக்கிடு, போய்த் தொலை" என்று சொல்லிவிட்டார்.

அது போயிற்று. தொலைந்தும் போயிற்று. மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. நாம் ஒருவரை அனுப்பும்போது போ என்று மட்டும் சொல்லலாமா? மிக்கேலம்மா வாட்ச்மேனை மார்க்கெட்டில் வைத்துக் கேட்ட கேள்வியில் ஐஸ் உருகிவிட்டது. பாவம் அந்த மனுஷன், அன்றிலிருந்து சாயங்காலந்தோறும் வெறும் பீடத்தருகே நின்று மேலே பார்த்து, "வந்துரு ராசா, வந்துரு" என்று கூப்பிடுவார். அவர் கூப்பிடுவதைக் கேட்கும்போதெல்லாம் மதலேனின் கை தானாகத் தொண்டைக்குப் போகும்.

பூநாரை மட்டும் ஒரு நாள் தவறாமல் கிழக்கே போயிற்று, விடிகாலையில் வந்தது, ஒவ்வொரு வருகைக்கும் இடது சிறகில் ஒரு கட்டம் கூடியது. மதலேன் வேலைக்குப் போகுமுன் வந்து பார்ப்பாள், சாயங்காலம் வந்து அனுப்புவாள். காத்திருக்கிற நேரத்தில் கை சும்மா இருக்காது, வெறும் சிமெண்டாய் நின்ற பீடத்துக்கும் வெள்ளையடித்து, சுற்றிச் சுற்றிக் கட்டம் போட்டுவந்தாள்.

இப்படி இருக்கும்போது கமிட்டியிலிருந்து இன்ஜினியர் தனசீலன் வந்தார். நல்ல மனுஷன், கெட்ட செய்தியைச் சொல்லுமுன் செருப்பைக் கழற்றிவிடுகிறவர். பீடத்தருகே செருப்பைக் கழற்றினதும் கொம்பையாவுக்கு விளங்கிவிட்டது.

"அம்மா, உங்க பறவை எல்லை தாண்டிப் போகுதாம். கடல் காவலுக்கு இருக்கிறவங்க எழுதிக் கேட்டிருக்காங்க, பறவைக்குப் பேப்பர் இருக்கான்னு."

"எனக்கே இல்லை, சேர். அதுக்கு எங்கால?"

"அதனால எல்லாப் பறவைக்கும் கால்ல போல்ட் போடச் சொல்லி உத்தரவு. நாளைக்கே போட்டுருவோம்."

மதலேன் இடுப்பிலிருந்து பட்டித் தகட்டை எடுத்துப் பீடத்தில் வழிந்திருந்த ஒரு சொட்டு வர்ணத்தைச் சுரண்டினாள். அவள் பேசுமுன் சுரண்டுவாள் என்று சொன்னேனே.

"சேர், நான் ஒரு வீட்டுக்கு வேலை செய்யிறன் எண்டு வைப்பம். பாதிச் சுவர் அடிச்சுக் கிடக்கேக்க, வீட்டுக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு போவாரோ?"

"மாட்டார்."

"இது இன்னும் முடியேல்ல. பாருங்கோ, சிறகில வெள்ளை கிடக்குது. முடியாத வேலைக்கு எப்பிடிப் பூட்டுப் போடுவியள்?"

தனசீலன் சிறகைப் பார்த்தார். அவர் மேஜையில் இருந்த உத்தரவில், வேலை முடிந்த பறவைகளுக்கு என்றுதான் எழுதியிருந்தது. அவருக்கே கொஞ்சம் நிம்மதி. "சரிம்மா. பறவையும் பீடமும் முழுசா முடியட்டும். முடிஞ்ச மறுநாள் காலையில போல்ட். அதுக்கு மேல என்னால தள்ள முடியாது." செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் மற்றப் பறவைகளுக்கெல்லாம் போல்ட் விழுந்தது. சாயங்காலங்களில் ஊர் அமைதியாகிவிட்டது. மொத்த ஊருக்கும் மிச்சம் இருந்தது ஒரே பூநாரை, அதனால் மொத்த ஊரும் கலங்கரை விளக்குச் சாலை முனைக்கு வந்து கூடியது. என்ன வேடிக்கை பாருங்கள், அக்காவிடமிருந்து வருகிற ஒவ்வொரு கட்டமும் அக்கா இருக்கிறாள் என்று சொன்னது, அதே கட்டம் போல்ட்டை ஒரு படி கிட்டக் கொண்டுவந்தது. மதலேனுக்கு விடிகிறபோது சந்தோஷமும் துக்கமும் ஒரே வண்டியில் வந்து இறங்கின.

மிக்கேலம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி மதலேனு, ஒங்கக்கா கை கொஞ்சம் மெதுவா ஓடப்படாதா? நாளுக்கு அரைக் கட்டம் போட்டா என்ன, கொறஞ்சா போயிருவா?"

"அவவுக்கு மெதுவாச் செய்யத் தெரியாது. ஈரம் காஞ்சா ஓலை முறிஞ்சிடும் எண்டு சொல்லிச் சொல்லியே வளந்தவ."

"ரெண்டு பேரும் சேந்து பாய் முடிச்சு, என்னத்தக் கண்டீய?" என்று சொல்லிவிட்டு மிக்கேலம்மா மூக்கைச் சிந்தினாள்.

கடைசியில் அந்தக் காலை வந்தது. இடது சிறகு நுனியிலிருந்து கழுத்தடி வரைக்கும் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாய் நிறைந்துபோயிருந்தது, எல்லாக் கோடும் இடது பக்கம் சாய்ந்து, முதுகின் நடுவே மதலேனின் வலது கோடுகளைத் தொட்டுக்கொண்டு. இரண்டு காற்றும் சந்தித்துவிட்டன. ஆனால் சந்தித்த இடத்தில் ஒரே ஒரு கட்டம் வெள்ளை. தூரிகை படாத வெள்ளை.

"தப்பிச்சோம்" என்றான் கொம்பையா. "எக்கா, ஒரு கட்டம் பாக்கி விட்டுருக்கு ஒங்கக்கா. கெட்டிக்காரில்லா!"

மதலேன் தலையை ஆட்டினாள். "இல்லைத் தம்பி. விட்டது இல்லை. நீட்டி விட்டிருக்கிறா. கூப்பிடுறா."

மத்தியானம் தனசீலன் வந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். உள்ளங்கை அகல வெள்ளையைக் காட்டி மேலிடத்தில் ஒன்றும் பேச முடியாது, பீடத்திலும் கட்டம் போட இடமில்லை, அதனால் நாளைக் காலை போல்ட் என்றார். சொல்லும்போது செருப்பை மட்டுமல்ல, கண்ணாடியையும் கழற்றிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் மதலேன் தலைக்குக் குளித்து, மாதா திருநாளுக்கு உடுத்துகிற நீலச் சேலையை உடுத்திக்கொண்டு வந்தாள். இடுப்பில் பட்டித் தகடு இருந்தது. கையில் பை இல்லை, ஒன்றும் இல்லை. நேரே பீடத்தில் ஏறி, பூநாரையின் முதுகில், இரண்டு கோடும் சந்திக்கிற இடத்தில், வெள்ளைக் கட்டத்தின் மேல் உட்கார்ந்தாள். பஸ்ஸில் இடம் பிடிக்கிறவள் மாதிரி சேலையை ஒதுக்கிக்கொண்டாள்.

தனசீலன் கூட்டத்துக்குள்ளிருந்து ஓடிவந்தார். "அம்மா, ஏறாதீங்கம்மா!"

"ஏன் சார்," என்றான் கொம்பையா, "ஆள் ஏறப்படாதுன்னு உத்தரவுல இருக்கா?"

அவர் யோசித்தார். மனசுக்குள் முழு உத்தரவையும் முதலிலிருந்து ஒரு தரம் வாசித்துப் பார்த்தார். "இல்ல," என்றார், "அப்படி ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு, எதற்கோ அவசரமாய் வேறு பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தார்.

வெயில் உப்பளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மதலேன் வாயைத் திறந்தாள். முதலில் காற்றுத்தான் வந்தது. அத்தனை வருஷமாய்ச் சோறும் தண்ணீரும் சுற்றிப்போன அந்த வார்த்தை அசைவதற்கு நேரம் எடுத்தது, கூட்டம் பொறுத்து நின்றது. பிறகு அது வந்தது. சண்டைக்கும் துப்பாக்கிக்கும் பயப்படாமல், ஊருக்கே கேட்கிற மாதிரி வந்தது:

"நான் போட்டு வாறன்!"

"போட்டு வாங்கோ!" என்றது சங்குமுனை முழுவதும், அவள் பாஷையிலேயே, ஆட்டோ ஸ்டாண்டும் மீன் மார்க்கெட்டும் பஸ் கண்டக்டர்களும் சேர்ந்து. எல்லாருக்கும் மேலே கேட்டது வாட்ச்மேன் குரல்.

மிக்கேலம்மா மட்டும் சொல்லவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து பீடத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, சொல்லுததெல்லாம் சரி. அங்க போயி ஒங்கக்காளக் கட்டிப் பிடிச்சப்பொறம் எங்க நெனப்பு ஒனக்கு வருமா? இந்தக் குப்பைத் தொட்டி முனைக்கு நீ ஏன் வரணும்? ஒனக்குன்னு இங்க ஒரு சுவரு உண்டா?"

மதலேன் பூநாரையின் காதோரம் குனிந்து வெளிக்கிடு என்றாள், அது மடக்கின காலை மெல்ல நீட்டி உடம்பைத் தாழ்த்தியது. அது பீடத்தை விட்டு இறங்குவதற்கு முன்னால், அவள் இடுப்பிலிருந்த பட்டித் தகட்டை உருவி, ஒரு கையால் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கீழே சாய்ந்து, பீடத்தின் விளிம்பில், மிக்கேலம்மாவின் விரல்களுக்குப் பக்கத்தில், தான் போட்ட ஒரு சிவப்புக் கட்டத்தை, பாதிப் பாயில் எழும்புகிறவள் மாதிரி, வெள்ளை தெரிகிற வரைக்கும் சுரண்டி விட்டாள்.